முத்துப்பட்டன் கதையும் ஏ.ஐ. கதை விளையாட்டும்

திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசத்துக்கு மேலே, காரையாறு பக்கம், காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் தாங்காது. அந்தக் கோயில் வளாகத்தில் பட்டவராயன் சன்னதி என்று ஒன்று உண்டு. அங்கே பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டு வந்து வைப்பது தேங்காய், பழம் மட்டும் அல்ல. தோல் செருப்பு!

கோயில் என்றாலே செருப்பை வெளியே கழற்றி விட்டுத்தான் போவோம். இங்கே மட்டும் சாமிக்கே செருப்பு. ஏன்?

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரையின் ஒரு முனை. இன்னொரு முனை 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் ஹேக்கத்தானில் செய்த கதை விளையாட்டு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: கதையைச் சொல்பவர் யார், கேட்பவர் யார், முடிவை யார் தீர்மானிப்பது?

மணிமுத்தாறும் சிங்கம்பட்டியும்

மணிமுத்தாறு என்றதும் அணையும் அருவியும்தான் நினைவுக்கு வரும். மாஞ்சோலை மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து தாமிரபரணியில் சேரும் ஆறு இது. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1950-களின் கடைசியில் இதன் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் செய்தித்தாள்களில் "பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி" என்று மொத்தக் கொள்ளளவு உயரத்தைப் போடுவார்கள். நெல்லைக்காரர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம்.

அணைக்கு அருகில்தான் சிங்கம்பட்டி. ஒரு காலத்தில் ஜமீன். மலைக் காடுகளும் சொரிமுத்து அய்யனார் கோயிலும் இந்த ஜமீனோடு தொடர்பு உடையவை. ஆடி அமாவாசை அன்று ராஜ உடையில் வந்து கோயிலில் அமரும் வழக்கத்தைக் கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் மறையும் வரை விடவில்லை.

முத்துப்பட்டன் கதை நடப்பது இந்த மலையடிவாரத்தில்தான். கதையின் கடைசிக் காட்சியில் சிங்கம்பட்டி அரசரும் வருகிறார்.

கதைச் சுருக்கம்

முத்துப்பட்டன் ஒரு பிராமணன். அண்ணன்மாரோடு மனஸ்தாபம் ஏற்பட்டு வீட்டை விட்டு வெளியேறி, மலையாள தேசத்துப் பக்கம் போய் அரசனிடம் வேலை பார்க்கிறான். பிறகு அண்ணன்மார் வந்து அழைக்க, ஊர் திரும்புகிறான். வரும் வழியில் காட்டில் இரண்டு பெண்களின் பாட்டைக் கேட்கிறான். அக்கா தங்கை இருவர். பெயர் பொம்மக்கா, திம்மக்கா. அருந்ததியர் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள். பார்த்தவுடன் மனதைப் பறிகொடுத்து, மணந்தால் இவர்களைத்தான் மணப்பேன் என்று பின்னாலேயே போகிறான்.

பெண்கள் பயந்து ஓடி அப்பாவிடம் சொல்கிறார்கள். வாலப்பகடை கோபத்தோடு வருகிறார். ஆனால் பட்டன் பெண் கேட்கிறான். அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் நிபந்தனை போடுகிறார். குடுமியை எடு, பூணூலை அறு, எங்களைப் போலத் தோல் வேலை கற்றுக்கொள், செருப்புத் தைத்துக் காட்டு. பிறகு பேசலாம்.

பட்டன் சம்மதிக்கிறான். அண்ணன்மார் அவனைப் பிடித்து அடைத்து வைக்கிறார்கள். தப்பி வருகிறான். குடுமியும் போகிறது, பூணூலும் போகிறது. கையால் செருப்புத் தைத்துக் கொண்டு போய்க் காட்டுகிறான். கல்யாணம் நடக்கிறது. மாமனாரின் மாட்டு மந்தையைக் காப்பது அவன் வேலை ஆகிறது.

கல்யாண ராத்திரியிலேயே கெட்ட கனவு. மாடு பிடிக்கும் கள்வர் கூட்டம் வந்துவிட்டது என்று செய்தி. பட்டன் ஓடுகிறான், சண்டை போடுகிறான், ஜெயிக்கிறான். ஆனால் மறைந்திருந்த ஒருவன் முதுகில் குத்திவிடுகிறான். தேடி வந்த பெண்கள் பிணத்தைக் காண்கிறார்கள். சிங்கம்பட்டி அரசரிடம் போய் அனுமதி கேட்டு, அவனோடு தீயில் இறங்குகிறார்கள்.

பட்டன் பட்டவராயன் ஆகிறான். பூணூலை விட்டுச் செருப்பைத் தைத்தவனுக்குச் செருப்புத்தான் காணிக்கை. இப்போது புரிகிறதா?

வில்லுப்பாட்டில் கேட்பவரின் பங்கு

இந்தக் கதையை நெல்லை, குமரி மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். பெரிய வில், அதில் மணிகள், அடிக்க வீசுகோல். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. நடுவில் தலைமைப் பாடகர். அவரை அண்ணாவி என்றும் புலவர் என்றும் சொல்வது உண்டு. இரண்டு பக்கமும் வலம்பாடி, இடம்பாடி.

இதில் முக்கியமான விஷயம், வில்லுப்பாட்டு ஒரு ஆள் பேச்சு அல்ல. அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். சில சமயம் "அப்புறம்?" என்பார். சில சமயம் "அது எப்படி?" என்று குறுக்குக் கேள்வியே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் கதை நகரும். கூட்டத்துக்கு எது புரியவில்லையோ அதை அவர் கேட்பார். அதாவது, கேட்பவர்களின் பிரதிநிதி மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்!

வீட்டிலும் இதே முறைதான். பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைகள் "ம்" கொட்ட வேண்டும். "ம்" நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம், கதையும் நின்றுவிடும். விக்கிரமாதித்தன் கதையில் இன்னும் ஒரு படி மேலே. வேதாளம் கதையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னால் வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிவிடும். இன்றைய விளையாட்டு மொழியில் சொன்னால், ஒவ்வொரு கதையும் ஒரு லெவல்.

கோயில் கொடையில் பாடப்படும் வில்லுப்பாட்டில் கேட்பவரின் பங்கு இன்னும் பெரியது. கதாநாயகன் சாகும் கட்டம் நெருங்கும்போது பாட்டின் வேகம் ஏறும், உடுக்கைச் சத்தம் ஏறும். கூட்டத்தில் நிற்கும் சாமியாடிக்கு அருள் வரும். அதுவரை கதையில் இருந்த பாத்திரம் அந்த நிமிடத்தில் கூட்டத்தின் நடுவே வந்து நிற்கிறது, குறி சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த வில்லுப்பாட்டுக் கதைகளை ஆராய்ந்து 1988-ல் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்பைச் சொல்லும் கதைகள், இறப்பைச் சொல்லும் கதைகள் என்று அவர் பிரித்துப் பார்த்தார். இறப்புக் கதைகளில்தான் அருள் வருவது உச்சத்தைத் தொடுகிறது.

இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியே பொது மேடைக்குக் கொண்டு வந்ததில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரோடு இணைந்து வளர்ந்தவர் நெல்லை மாவட்டம் சத்திரப்புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-ல் மறைந்தார்.

கேட்பவர்கள் மாற்றிய இடம்

நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். முத்துப்பட்டன் கதையை அவர் பதிப்பித்து 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவர் கவனித்த ஒரு விஷயம் மிக முக்கியமானது.

கதையின் சில பாடங்களில் ஒரு முன்கதை இருக்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் வாலப்பகடையின் மகள்கள் அல்லவாம். பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து கைவிடப்பட்டவர்களாம். வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம்.

இது பின்னால் ஒட்டப்பட்ட பகுதி என்பது வானமாமலையின் முடிவு. ஒட்டியதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம் அல்ல. சாதி மாறி நடந்த கல்யாணத்தைச் சாமி கதையாகக் கேட்கவும் வேண்டும், அதே நேரம் அது உறுத்தவும் கூடாது. இந்த முன்கதையைச் சேர்த்துவிட்டால் பிராமணன் பிராமணப் பெண்களைத்தான் கட்டினான் என்று ஆகிவிடும். சிக்கல் தீர்ந்தது!

ஆனால் யோசித்துப் பாருங்கள். பெண்கள் பிராமணர்கள் என்றால் பட்டன் பூணூலை அறுத்ததற்கு என்ன அர்த்தம்? செருப்புத் தைத்ததற்கு என்ன அர்த்தம்? கதையின் முதுகெலும்பே போய்விடுகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாற்றியவர்கள் பிறப்பைத்தான் மாற்றினார்கள். சாவை மாற்றவில்லை. பட்டன் பிழைத்து மூவரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று பாட யாரும் துணியவில்லை. ஏனென்றால் சாகாவிட்டால் பட்டவராயன் இல்லை. சன்னதி இல்லை. அருள் வர ஒரு சாமி இல்லை. செருப்பு அப்படியே இருக்கிறது, தீயும் அப்படியே இருக்கிறது. மாறியது நடுவே உள்ள ஒரு உறுத்தல் மட்டும்.

ஆக, கேட்பவர்கள் கதையை மாற்ற முடியும் என்பது கணினி வந்த பிறகு கண்டுபிடித்த சங்கதி அல்ல. அந்த வசதி நல்லதுக்கும் பயன்படும், கதையின் உண்மையை மழுங்கடிக்கவும் பயன்படும் என்பதும் புதிது அல்ல.

கணினிக்குள் நுழைந்த கதை

இனி அடுத்த முனைக்குப் போவோம்.

1966-ல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்ற நிரலை எழுதினார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே கொஞ்சம் திருப்பி, கேள்வியாக நம்மிடம் கேட்கும். அவ்வளவுதான். வில்லுப்பாட்டில் "ஆமா" போடுபவரைப் போல! ஆனால் அதனிடம் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தவர்கள் இருந்தார்கள். தன் செயலாளரே அதோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று தன்னிடம் சொன்னதாக வைசன்பாம் பின்னாளில் எழுதினார். எதிரே இருப்பது வெறும் நிரல் என்று தெரிந்தும் மனிதர்கள் அதற்கு உயிர் கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவரைக் கவலைப்பட வைத்தது.

1970-களின் நடுவில் வில் கிரௌதர் என்ற நிரலாளர் "அட்வெஞ்சர்" என்ற விளையாட்டை எழுதினார். அவர் குகைகளுக்குள் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர். விவாகரத்துக்குப் பிறகு தன் மகள்கள் விளையாடுவதற்காக, கென்டக்கி மாநிலத்தில் தான் அளந்த மாமத் குகையையே கணினிக்குள் எழுத்தாகக் கட்டினார். படம் எதுவும் கிடையாது. "விளக்கை எடு", "வடக்கே போ" என்று இரண்டு சொல்லில் கட்டளை கொடுக்க வேண்டும். 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அதே காலத்தில் எம்.ஐ.டி.யில் "ஸோர்க்" பிறந்தது. 1979-ல் அமெரிக்காவில், எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று படிப்பவரே தேர்ந்தெடுக்கும் சிறுவர் புத்தக வரிசையும் கடைக்கு வந்தது.

இவற்றில் எல்லாம் ஒரு எல்லை உண்டு. எழுதியவர் யோசித்து வைத்த வழிகளில் மட்டுமே போகலாம். அட்வெஞ்சரில் "விளக்கோடு பேசு" என்றால் கணினி முழிக்கும். ஆனால் ஒரு நன்மையும் உண்டு. விளக்கை மூன்றாவது அறையில் வைத்துவிட்டு வந்தால், பத்து நாள் கழித்துப் போனாலும் விளக்கு அதே மூன்றாவது அறையில்தான் இருக்கும்.

கணினியே கதை கட்டினால் என்ன என்று யோசித்தவர் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் மீஹன். 1970-களின் நடுவில் அவர் எழுதிய நிரலின் பெயர் டேல்-ஸ்பின். பாத்திரங்களுக்குப் பசி, தாகம், நட்பு என்று விதிகள் கொடுத்தார். அதிலிருந்து கதை வரும். சில சமயம் விநோதமான கதை வந்தது. எறும்பு ஆற்றில் விழுகிறது. அதை இழுத்தது புவியீர்ப்பு விசை. அந்த விசையையும் நிரல் ஒரு பாத்திரமாக எடுத்துக்கொண்டது. அதற்குக் காலும் இல்லை, காப்பாற்ற நண்பனும் இல்லை. ஆகவே புவியீர்ப்பு விசை ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டது! விதிகள் எழுதிக் கதை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது.

ஹேக்கத்தான் என்றால் என்ன?

"ஹேக்" என்றவுடன் திருட்டு என்று நினைக்கக் கூடாது. இங்கே அதன் பொருள், சாமர்த்தியமாக நிரல் எழுதுவது. மாரத்தானின் வாலை அதில் ஒட்டியிருக்கிறார்கள். 1999 ஜூனில் ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் பத்துப் பேர் கனடாவின் கால்கரி நகரில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். சங்கேதக் குறியீட்டு மென்பொருளுக்கு அமெரிக்காவில் அப்போது இருந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு கனடாவில் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் ஹேக்கத்தான். அதே மாதம் சன் நிறுவனத்தின் ஜாவா மாநாட்டிலும் அதே சொல் பயன்பட்டது.

இந்தியாவில் இந்தச் சொல்லைக் கல்லூரி கல்லூரியாகக் கொண்டு போனது 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். அதன் மென்பொருள் பிரிவில் 36 மணி நேரம் தொடர்ந்து வேலை. தூக்கம் கிடையாது, டீ உண்டு.

36 மணி நேரம் என்பது எதையும் முழுதாகச் செய்யப் போதாது. ஒரு யோசனை வேலை செய்யுமா என்று பார்க்க மட்டும் போதும். ஆனால் அந்த நேர நெருக்கடியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "செய்ய முடியுமா?" என்ற கேள்விக்கு மட்டுமே நேரம் இருக்கும். "செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஒரு மாணவரின் விளையாட்டு

2019 பிப்ரவரியில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் ஜி.பி.டி.-2 என்ற மொழி மாதிரியை அறிவித்தது. சுமார் 80 லட்சம் இணையப் பக்கங்களின் எழுத்தைப் படித்து, அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்கப் பழகிய மாதிரி அது. தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று சொல்லி முதலில் அதன் சிறிய வடிவத்தை மட்டுமே வெளியே விட்டார்கள்.

அடுத்த மாதமே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரிகம் யங் பல்கலைக்கழக மாணவர் நிக் வால்டன் ஒரு ஹேக்கத்தானில் அந்தச் சிறிய மாதிரியை வைத்து ஒரு கதை விளையாட்டு செய்தார். அவருக்குத் தூண்டுதல் "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்". நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் பாத்திரங்களாக மாறி "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லி விளையாடுவது. அதில் எந்தச் செயலையும் சொல்லலாம். கதை சொல்பவர் சமாளித்துக்கொண்டு கதையை நகர்த்துவார். கிட்டத்தட்ட அண்ணாவி வேலை. அந்த அண்ணாவி இடத்தில் கணினியை உட்கார வைத்தார் வால்டன்.

விளையாட்டின் பெயர் ஏ.ஐ. டஞ்சன். 2019 நவம்பரில் ஜி.பி.டி.-2-வின் 150 கோடி அளவுரு கொண்ட பெரிய வடிவம் வெளியானது. டிசம்பரில் அதை வைத்து இரண்டாம் பதிப்பு வந்தது. படிப்பவர் தேர்ந்தெடுத்துப் போகும் கதைகள் நிறைந்த ஒரு இணையதளத்தின் எழுத்தைக் கொண்டு மாதிரிக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முதலில் கூகுள் கொலாப் என்ற இலவச வசதியில்தான் ஓடியது. விளையாட வந்த ஒவ்வொருவருக்கும் சில ஜிகாபைட் கொண்ட மாதிரி இறங்க வேண்டும். கூட்டம் குவிந்தது, தரவிறக்கச் செலவு எகிறியது. சில நாட்களில் நிறுத்திவிட்டு, பயனர்களே ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் டோரண்ட் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரு மாணவர் ஹேக்கத்தானில் செய்த பொருளுக்கு இது ஆச்சரியமான வரவேற்புதான்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. விளையாடுபவர் "கதவைத் திறக்கிறேன்" என்று எழுதுகிறார். அதுவரை நடந்த கதையின் கடைசிப் பகுதியையும் இந்த வரியையும் சேர்த்து மாதிரியிடம் கொடுக்கிறார்கள். மாதிரி அடுத்த பத்தியை எழுதுகிறது. அவ்வளவுதான். வரைபடம் இல்லை, விளக்கு எந்த அறையில் இருக்கிறது என்ற கணக்கு இல்லை. எழுதப்பட்ட வரிகள் மட்டுமே உலகம். ஜி.பி.டி.-2 ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியது 1,024 சொல்துண்டுகள். அதற்கு முன்னால் நடந்தது அதற்கு மறந்துவிடும். பத்து நிமிடம் முன்பு செத்த ராஜா அரியணையில் வந்து உட்காருவார்!

அட்வெஞ்சருக்கு ஞாபகம் உண்டு, சுதந்திரம் இல்லை. ஏ.ஐ. டஞ்சனுக்குச் சுதந்திரம் உண்டு, ஞாபகம் இல்லை. பிறகு வந்த கதை விளையாட்டுகள் பலவும் இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்றுதான் போராடின.

2021-ல் வந்த சோதனை

வால்டனும் அவருடைய சகோதரரும் லாட்டிட்யூட் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். 2020-ல் இன்னும் பெரிய ஜி.பி.டி.-3 வந்தது. கதைகள் சரளமாயின. கூடவே வேறு ஒரு சிக்கலும் வந்தது.

எதை எழுதினாலும் "ஆமா" போட்டு மேலே கொண்டு போகும் கதைசொல்லி அது. சிலர் அதைச் சிறுவர்கள் சம்பந்தப்பட்ட ஆபாசக் கதைகளுக்குப் பயன்படுத்தினார்கள். 2021 ஏப்ரலில் நிறுவனம் ஒரு வடிகட்டியைப் போட்டது. அது குற்றமற்ற வாக்கியங்களையும் பிடித்து நிறுத்தியது. சந்தேகத்துக்கு உரிய கதைகளைப் பணியாளர்கள் படித்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும், தனிமையில் எழுதியதாக நினைத்தவர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் இதில் கஷ்டம்.

கொடை மேடையில் இந்தப் பிரச்சினை வராது. அங்கே கேட்பவர் கூட்டமாக இருக்கிறார். ஊர் பார்க்க, கோயில் முன்னால், அண்ணாவியை எதை வேண்டுமானாலும் பாடச் சொல்ல முடியாது. அண்ணாவியும் பாட மாட்டார். திரைக்கு முன்னால் தனியாக இருப்பவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. எதிரே இருக்கும் கதைசொல்லிக்கு மறுக்கத் தெரியவும் இல்லை. எலைசாவைக் கண்டு வைசன்பாம் கவலைப்பட்டது இப்படி வேறு உருவத்தில் வந்து நின்றது.

ஆனால் ஊர்க் கட்டுப்பாடு எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பொம்மக்கா, திம்மக்காவின் பிறப்பை மாற்றியதும் அதே மாதிரியான ஒரு கூச்சம்தானே!

தமிழில் செய்தால்?

தமிழில் இதைச் செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் முதலிலேயே காத்திருக்கிறது. "மணிமுத்தாறு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 11 குறிகள். ஏனென்றால் "ணி" என்பது ண-வும் இகரக் குறியுமாக இரண்டு. ஒவ்வொரு குறிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட். மொத்தம் 33 பைட். இதே பெயரை ஆங்கிலத்தில் பத்து எழுத்தில் எழுதினால் 10 பைட் போதும்.

ஜி.பி.டி.-2 பைட்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் சொல்துண்டுகளை உண்டாக்குகிறது. ஆங்கிலத்தை அதிகம் படித்ததால் ஆங்கிலச் சொல் ஒன்று பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். தமிழ்ச் சொல்லோ துண்டு துண்டாகச் சிதறும். 1,024 துண்டுக்குள் ஆங்கிலத்தில் ஒரு அத்தியாயம் அடங்கினால் தமிழில் இரண்டு மூன்று பத்திதான் அடங்கும். அதாவது தமிழில் கதை சொல்லும்போது கணினிக்கு மறதி இன்னும் சீக்கிரம் வரும்! கட்டணமும் துண்டுக் கணக்கில் என்றால் செலவும் அதிகம்.

பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான தரவுகளையும் மாதிரிகளையும் திறந்த முறையில் வெளியிட்டது. அந்தக் குழுவுக்கு 2022-ல் நிலேகனி மையமும் அமைந்தது. 2023-ல் மெட்டாவின் லாமா 2 மாதிரியில் 16,000 தமிழ்ச் சொல்துண்டுகளைக் கூடுதலாகச் சேர்த்து "தமிழ் லாமா" வெளியானது. பின்னர் வந்த பெரிய மாதிரிகள் பல மடங்கு நீளமான கதையை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் பெற்றன. ஆக, 36 மணி நேரத்தில் தமிழில் பேசும் கதை விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டுவது இன்று முடியாத காரியம் அல்ல.

முத்துப்பட்டனை விளையாட்டாக்கினால்

ஒரு மாணவர் குழு முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாடுபவர்தான் பட்டன். காட்டில் பாட்டுக் கேட்கிறது. என்ன செய்வீர்கள்? போகலாம், போகாமல் அண்ணன்மாரோடு ஊருக்குத் திரும்பலாம். வாலப்பகடை நிபந்தனை போடுகிறார். ஒப்புக்கொள்ளலாம், பேரம் பேசலாம்.

பேரம்! இங்கேதான் ஆபத்து. "பூணூலை அறுக்காமல் கல்யாணம் செய்துகொள்கிறேன்" என்று விளையாடுபவர் எழுதினால், சமர்த்தாக "ஆமா" போடப் பழகிய மாதிரி, வாலப்பகடையைச் சிரித்துக்கொண்டே சம்மதிக்க வைத்துவிடும். "இந்தப் பெண்கள் உண்மையில் யார் என்று விசாரிக்கிறேன்" என்று எழுதினால், அழகான ஒரு பிறப்பு ரகசியத்தை அதுவே கட்டிவிடும். முன்பு ஒரு பாடத்தில் ஒட்டப்பட்டது இப்போது ஒரு நொடியில், ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு விதமாக நடந்துவிடும். வானமாமலையைப் போல ஒருவர் வந்து எது பழையது, எது ஒட்டியது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. ஏனென்றால் அந்தக் கதைகள் விளையாட்டை மூடியதும் மறைந்துவிடும்.

அதனால் எது திறந்தது, எது மூடியது என்பதை நிரல் எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பட்டன் வழியில் யாரைச் சந்தித்தான், என்ன பேசினான், கள்வரோடு எப்படிச் சண்டை போட்டான் என்பதெல்லாம் திறந்தே இருக்கலாம். வில்லுப்பாட்டுக்காரர்களும் இவற்றை ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு நீட்டவும் சுருக்கவும் செய்தார்கள். ஆனால் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் மகள்கள் என்பது மூடியது. செருப்புத் தைக்காமல் கல்யாணம் இல்லை என்பது மூடியது. இவற்றை மாதிரியின் விருப்பத்துக்கு விடாமல், அட்வெஞ்சரில் விளக்கு இருக்கும் அறையை எழுதி வைத்ததைப் போல நிரலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

சாவு? அதுவும் மூடியதுதான். ஆனால் அந்தப் பெண்கள் தீயில் இறங்குவதை ஒரு விளையாட்டு எப்படிச் சொல்ல வேண்டும் என்பது கடினமான கேள்வி. அதைப் பெருமையாகப் பாடிய காலமும் உண்டு. இன்றைக்கு அப்படிப் பாடக் கூடாது என்பதில் சந்தேகம் இல்லை. அதை மறைத்தால் அவர்கள் இருவரும் கதையிலிருந்தே காணாமல் போவார்கள். விளையாடுபவரைச் சிங்கம்பட்டி அரசரின் இடத்தில் உட்கார வைத்து, "அனுமதி கொடுப்பீர்களா?" என்று கேட்டால் என்ன? என்ன பதில் சொன்னாலும் அந்தப் பதிலோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். வேதாளம் கேட்கும் கேள்வியும் அப்படித்தானே இருக்கும்.

முடிவாக

கிரௌதர் தான் அளந்த குகையை மகள்களுக்காக எழுத்தாக்கினார். அதனால்தான் அந்த விளையாட்டில் கல்லும் நீரும் உண்மையாக இருந்தன. வால்டன் நண்பர்களோடு விளையாடிய விளையாட்டைக் கணினிக்குக் கற்றுக் கொடுக்க முயன்றார். இருவருமே தங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்துதான் தொடங்கினார்கள்.

தாமிரபரணிக் கரையில் படிக்கும் மாணவர்களுக்கு மாமத் குகையும் தேவையில்லை, டிராகனும் தேவையில்லை. மணிமுத்தாறு அணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலையிலேயே ஒரு கதை இருக்கிறது. அதில் காதல் இருக்கிறது, சண்டை இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, மாற்றத் துடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் வழிகளில் அதைச் சொல்லலாம்.

ஆனால் பட்டவராயன் சன்னதியில் கிடக்கும் செருப்புக்கு அர்த்தம் இல்லாமல் செய்துவிடும் வழி மட்டும் அந்த ஆயிரத்தில் சேராது. அந்த ஒரு வழியை அடைத்து வைப்பது கணினியின் வேலை அல்ல. விளையாட்டைச் செய்பவரின் வேலை.